எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு டயரும் ரிம்மும்: வடசென்னைச் சாலைகளில் சொகுசாக ஓட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் என் நண்பர் ஒருவர் முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வைத்திருக்கிறார். ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவான எடை கொண்ட, இரண்டே இருக்கைகள் உள்ள திறந்த கார் அது. அவர் வாங்கியபோது முந்தைய உரிமையாளர் மாட்டியிருந்த 17 அங்குல அலாய்களும் 205/40 ஆர் 17 டயர்களும் அதில் இருந்தன. பார்வைக்கு எடுப்பாகத்தான் இருந்தது. ஆனால், காசிமேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச்சாலை வழியாகக் கத்திவாக்கம் வரை ஒருமுறை போய்த் திரும்பினால் முதுகு வலிக்கும்; டாஷ்போர்டு கடகடக்கும்; கண்டெய்னர் லாரிகள் பதித்துவிட்ட தடத்தில் ஸ்டீயரிங் தானாகவே ஒரு பக்கம் இழுக்கும். மூன்றாவது மாதத்தில், சாலை மட்டத்துக்குக் கீழே இறங்கியிருந்த ஒரு பாதாளச் சாக்கடை மூடியின் விளிம்பில் மோதி முன்பக்க இடது ரிம் வளைந்தது. அதற்குப் பிறகுதான் கார் தயாரிப்பாளர் முதலில் கொடுத்த அளவான 185/60 ஆர் 14 டயர்களுக்கும் அதற்குரிய சிறிய ரிம்களுக்கும் திரும்பினோம். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் தொடவே இல்லை. இருந்தும் அது வேறு கார் போல ஓடியது.

எடை குறைந்த காரில் ஓட்டத்தின் மென்மையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் டயரின் பக்கச்சுவர் (ரிம்முக்கும் சாலையைத் தொடும் முகத்துக்கும் இடையில் உள்ள ரப்பர்ச் சுவர்) உயரமும் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தமுமே என்பதும், இவ்விரண்டிலும் நம் கடைகளின் வழக்கம் கனமான கார்களுக்காக உருவானது என்பதும் அந்த அனுபவத்திலிருந்து நான் கற்றவை. கீழே உள்ள படிகள் எம்எக்ஸ்-5, லோட்டஸ் எலீஸ், டொயோட்டா எம்ஆர்2 போன்ற கார்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. எனினும், ஒரு டன் எடைக்குள் அடங்கும் நம் ஊர் ஹேட்ச்பேக்குகளைச் சற்று வேகமாக ஓட்ட விரும்புவோருக்கும் இதே கணக்குதான்.

முதற்படி: குறை டயரில்தானா என்று கண்டறிதல்

டயருக்குப் பணம் செலவழிப்பதற்கு முன், கார் எப்படிக் குலுக்குகிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். காரின் உடல் ஸ்பிரிங்கின்மேல் வினாடிக்கு ஒன்று முதல் இரண்டு முறை வரை மெதுவாக ஏறி இறங்கும். சக்கரமோ வினாடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை வரை துடிக்கும். ஆகவே மேம்பாலத்தின் இணைப்புப் பட்டையைத் தாண்டும்போது கூர்மையான ஒரு "டக்" சத்தம் இருக்கை வழியாகவும் ஸ்டீயரிங் வழியாகவும் உடனே வந்து உடனே அடங்கினால், அது பெரும்பாலும் டயர், ரிம், காற்றழுத்தம் சார்ந்தது. ஒரு பள்ளத்தைத் தாண்டிய பிறகும் கார் இரண்டு மூன்று முறை குதித்துக்கொண்டே போனால் ஷாக் அப்சார்பர் தேய்ந்திருக்கிறது. வேகத்தடையில் "தொம்" என்று அடியில் இடித்தால் பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் நுரைத் தடுப்பு) நொறுங்கியிருக்கலாம், அல்லது யாரோ காரைத் தாழ்த்தியிருக்கலாம். இந்தப் பின்னிரண்டு குறைகளையும் எந்த டயராலும் தீர்க்க முடியாது. இருபது ஆண்டுகளைக் கடந்த கார்களில் பம்ப் ஸ்டாப்பின் நுரைப்பொருள் கையால் தொட்டாலே உதிர்ந்துவிடும். சக்கரத்தைக் கழற்றும் அன்றே அதையும் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டாம் படி: காரின் எடையை அளந்தறிதல்

இந்த ஒரு விஷயத்தில் வடசென்னைக்காரர்களுக்கு மற்றவர்களைவிட வசதி அதிகம். மணலியிலும் எண்ணூரிலும் லாரிகளுக்கான எடைமேடைகளுக்குப் பஞ்சமில்லை. கூட்டம் குறைந்த நேரத்தில் போய், முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் அளவும், முழுக் காரையும் ஏற்றி ஓர் அளவும் எடுத்துக்கொண்டால், முன் அச்சில் எவ்வளவு, பின் அச்சில் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். லாரிகளுக்கான கருவி என்பதால் பத்து இருபது கிலோ முன்பின் இருக்கலாம். நம் தேவைக்கு அது போதும். நீங்கள் வழக்கமாக ஓட்டும் நிலையில், பக்கத்தில் ஆள் அமர்ந்திருக்க, டேங்கில் பெட்ரோலோடு நிறுத்துங்கள்.

எங்கள் கணக்கில் இருவரோடு சேர்த்து 1,130 கிலோ வந்தது. அதாவது சக்கரத்துக்குச் சுமார் 283 கிலோ. இந்த எண் ஏன் முக்கியம்? காற்றடைத்த கார் டயர் ஒன்று மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் அளவில் விறைப்பாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 400 கிலோ சுமக்கும்போது அது ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் நசுங்கும். 250 கிலோ சுமக்கும்போது 12 மில்லிமீட்டர்தான் நசுங்கும். சாலையில் கிடக்கும் ஒரு சிறு ஜல்லியின்மேல் ஏறும்போது கனமான காரில் அமுங்கிக்கொடுக்கும் அதே டயர், எடை குறைந்த காரில் கல்லைப் போல் நின்று காரையே தூக்கிவிடுகிறது. ஸ்பிரிங் டயரைவிடப் பல மடங்கு மென்மையானதுதான். ஆனால் சிறு கூர்மையான இடிகளின்போது ரப்பர் புஷ்களின் உராய்வையும் சக்கரத்தின் நிறையையும் மீறி ஸ்பிரிங் அசையத் தொடங்குவதற்குள் இடி உள்ளே வந்து சேர்ந்துவிடும். அந்த இடைவெளியில் வேலை செய்வது டயர் மட்டுமே.

மூன்றாம் படி: பக்கச்சுவரின் உயரத்தைக் கணக்கிடுதல்

டயரின் ஓரத்தில் எழுதியிருக்கும் 185/60 ஆர் 14 என்பதில், 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 60 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் விழுக்காடு. 14 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். கடைக்காரர்கள் சைடுவால் என்று சொல்லும் பக்கச்சுவரின் உயரம் 185-இல் 60 விழுக்காடு, அதாவது 111 மில்லிமீட்டர். மொத்த விட்டம் வேண்டுமென்றால் அதை இரண்டால் பெருக்கி, ரிம் விட்டத்தை 25.4-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும்: 222 மில்லிமீட்டரும் 355.6 மில்லிமீட்டரும் சேர்ந்து 577.6 மில்லிமீட்டர்.

மொத்த விட்டம் அதிகம் மாறாமல் ரிம்மைப் பெரிதாக்கும்போது என்ன நடக்கிறது என்று இதே காரில் பார்க்கலாம். 185/55 ஆர் 15 போட்டால் பக்கச்சுவர் 102 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, விட்டம் 584.5. மிகப் பலர் விரும்பும் 195/50 ஆர் 15-இல் பக்கச்சுவர் 97.5; விட்டம் 576. 195/45 ஆர் 16-இல் பக்கச்சுவர் 88-ஐத் தொடவில்லை. நண்பரின் காரில் இருந்த 205/40 ஆர் 17-இல் அது வெறும் 82, விட்டமோ 595.8 மில்லிமீட்டராகி மூன்று விழுக்காடு கூடிவிட்டது. வேகமானி 80 காட்டும்போது கார் உண்மையில் 82-ஐத் தாண்டி ஓடியது; முழுவதும் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் உட்புற மட்கார்டில் உரசியது. பக்கச்சுவரில் 29 மில்லிமீட்டர் குறைவது என்றால் ஏறக்குறைய இரண்டு விரல் அகலம். அந்த இரண்டு விரல் அகலத்தில்தான் சாக்கடை மூடியின் விளிம்பு அமுங்கியிருக்க வேண்டும்.

தொழிற்சாலைகள் இதை எப்படி அணுகின என்பதைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. 1996-இல் வந்த முதல் லோட்டஸ் எலீஸ் சுமார் 725 கிலோ எடைதான். அதன் முன்சக்கரம் 185/55 ஆர் 15, பின்சக்கரம் 205/50 ஆர் 16. ரிம்மின் விட்டமும் டயரின் அகலமும் முன்னும் பின்னும் வேறுபட்டாலும், பக்கச்சுவர் உயரத்தைக் கணக்கிட்டால் முன்பக்கம் 101.75, பின்பக்கம் 102.5, இரண்டும் ஒன்றேதான் என்று சொல்லிவிடலாம். இன்றைய நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் 1.5 லிட்டர் காருக்கு 195/50 ஆர் 16 என்பதால் 97.5, 2 லிட்டர் காருக்கு 205/45 ஆர் 17 என்பதால் 92-ஐச் சற்றே தாண்டுகிறது. கூர்ந்து கவனித்தால், ஓட்டத்தின் மென்மைக்காகப் பெயர் வாங்கிய எடை குறைந்த கார்கள் நூறு மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கின்றன. எனவே என் சொந்த விதி இது: வடசென்னையில் தினமும் ஓடும் ஒரு டன் காருக்குப் பக்கச்சுவர் 100 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் காருக்கு 95 வரை பொறுத்துக்கொள்ளலாம். மொத்த விட்டம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து இரண்டு விழுக்காட்டுக்குமேல் விலகாமல் இருக்கட்டும். நம் ஊர் ஸ்விஃப்ட்டில் கீழ்நிலை வகைக்கு 165/80 ஆர் 14, மேல்நிலை வகைக்கு 185/65 ஆர் 15 என்று கொடுத்தபோது, விட்டம் முறையே 619.6, 621.5 என்று இரண்டு மில்லிமீட்டருக்குள் அடக்கினார்கள். அந்தப் பக்குவம் நமக்கும் வேண்டும்.

ரிம்மைப் பெரிதாக்கலாமா என்று கேட்பவர்களிடம், சிறிதாக்க முடியுமா என்று முதலில் பாருங்கள் என்பேன். 16 அங்குலத்தில் வந்த காருக்கு 15 அங்குல ரிம் பிரேக் காலிப்பரை இடிக்காமல் உட்காருமானால், 195/50 ஆர் 16-க்குப் பதிலாக 195/55 ஆர் 15 போடலாம்: விட்டம் ஒரு விழுக்காடு மட்டுமே குறையும், பக்கச்சுவர் பத்து மில்லிமீட்டர் கூடும். டயரின் விலையும் பெரும்பாலும் குறையும்.

நான்காம் படி: ரிம்மின் அகலம், எடை, ஆஃப்செட்

ஒவ்வொரு டயர் அளவுக்கும் இத்தனை அங்குலத்திலிருந்து இத்தனை அங்குலம் வரை ரிம் அகலம் பொருந்தும் என்று தயாரிப்பாளர்கள் வரையறுத்திருக்கிறார்கள். 185/60 ஆர் 14-க்கு அது 5 முதல் 6.5 அங்குலம். அந்த வரம்பின் மேல் எல்லைக்குப் போனால் பக்கச்சுவர் இழுத்துப் பிடித்த துணி போல விறைத்துவிடும். ஸ்டீயரிங் கூர்மையாகும், ஓட்டம் கரடுமுரடாகும். சொகுசு வேண்டுவோர் வரம்பின் நடுவிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ நிற்க வேண்டும். பக்கச்சுவர் ரிம்மின் விளிம்பைவிடச் சற்றே வெளியே பிதுங்கியிருந்தால், பிளாட்பாரக் கல்லில் உரசும்போது ரிம்முக்குப் பதில் ரப்பர் அடி வாங்கும். தெருக்கள் குறுகிய பழைய வண்ணாரப்பேட்டையில் வண்டி நிறுத்துபவருக்கு இது சிறு லாபமல்ல.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் நிறையான சக்கரம், பிரேக், அச்சின் முனை ஆகியவை எவ்வளவு கனமோ, அவ்வளவு கடினமாக அவை காரின் உடலைத் தூக்கி அடிக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு மூலையில் ஸ்பிரிங்குக்கு மேலே 220 கிலோவும் கீழே 35 கிலோவும் இருக்கும் காரில், சக்கரத்துக்கு நான்கு கிலோ கூடினால் கீழ்நிறை பதினொரு விழுக்காடு ஏறிவிடும். 1,600 கிலோ எடையுள்ள எஸ்யூவியில் அதே நான்கு கிலோ யாருக்கும் தெரியாது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் வந்த 14 அங்குல அலாய் ஐந்தரைக் கிலோவை ஒட்டியது. கடையில் மலிவாகக் கிடைக்கும் 17 அங்குல வார்ப்பு அலாய் ஒன்பது பத்துக் கிலோவை எளிதில் தொடும். ஆகவே ரிம் வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் எடையைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், மளிகைக் கடைத் தராசு ஒன்றில் வைத்துப் பார்க்கத் தயங்காதீர்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியதே தவிர வேறு சங்கடம் ஏதும் வரவில்லை.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் (சக்கரம் மாட்டப்படும் அச்சின் முகப்பில்) பதியும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதன் அளவு. ரிம்மின் உட்புறத்தில் ஈடி என்ற எழுத்துகளோடு பொறித்திருப்பார்கள். மேற்சொன்ன எம்எக்ஸ்-5-க்கு அது ஈடி 45. இந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். அகலமாக நிற்கும் சக்கரம் அழகென்று ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே ஸ்பேசர் என்ற தகட்டைப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் சாலையைத் தொடும் நடுவிடத்துக்கும் உள்ள இடைவெளி மாறுவதால், ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலி நெடுஞ்சாலையிலும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளின் சக்கரங்கள் தாரை அமுக்கி நீள்தடங்களை உண்டாக்குகின்றன. லாரியின் சக்கர இடைவெளி நம் காருக்குப் பொருந்தாது. ஆகவே நம்முடைய இடது, வலது டயர்களில் ஒன்று தடத்தின் சரிவில்தான் ஓடும். டயர் எவ்வளவு அகலமோ, ஆஃப்செட் எவ்வளவு விலகியிருக்கிறதோ, அவ்வளவு பிடிவாதமாகக் கார் அந்தச் சரிவைப் பின்பற்றும். எங்கள் பகுதியில் வாழ்பவர் அகலமான டயரைத் தவிர்க்க இந்த ஒரு காரணமே போதும். ஆஃப்செட்டைத் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து ஐந்து மில்லிமீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

போல்ட் வட்டம், நடுத்துளை ஆகியவை பொருந்த வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நடுத்துளை பெரிதாக இருந்தால் அதற்குரிய வளையத்தைப் போட்டுத்தான் மாட்ட வேண்டும். இல்லையென்றால் எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் நடுக்கம் போகாது.

ஐந்தாம் படி: சுமைக்குறியீடும் எக்ஸ்எல் என்ற எழுத்தும்

அளவுக்குப் பின்னால் வரும் 82ஹெச், 84டபிள்யூ போன்றவற்றை நம்மில் பலர் கவனிப்பதில்லை. 82 என்றால் அந்த டயர் 475 கிலோ சுமக்கும். 84 என்றால் 500. 87 என்றால் 545. 91 என்றால் 615. அடுத்து வரும் எழுத்து டயர் தாங்கும் உச்ச வேகம்: ஹெச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர், வி என்பது 240, டபிள்யூ என்பது 270. நாம் எடைமேடையில் அளந்த 283 கிலோவுக்கு 82 குறியீடே தாராளம். தயாரிப்பாளர் குறிப்பிட்டதைவிடக் கீழே போகக் கூடாது. ஆனால் மேலே போவதிலும் பெருமை ஏதுமில்லை, ஏனென்றால் கூடுதல் சுமைக்காகக் கட்டப்பட்ட டயர் கூடுதலாக விறைக்கும்.

தாழ்ந்த பக்கச்சுவர் கொண்ட பல அளவுகள் எக்ஸ்எல் எனப்படும் கூடுதல் சுமை வகையில்தான் கிடைக்கின்றன. சாதாரண வகை டயர் 36 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில் தன் முழுச் சுமையைத் தாங்கும். எக்ஸ்எல் வகையோ 42 பிஎஸ்ஐ-இல்தான் முழுச் சுமையைத் தொடும். ஆகவே 26 பிஎஸ்ஐ வைத்தால், 82 குறியீடுள்ள சாதாரண டயர் ஏறத்தாழ 365 கிலோ சுமக்க, 84 குறியீடுள்ள எக்ஸ்எல் டயர் 340 கிலோவைத்தான் சுமக்கும். எண் பெரிது, தாங்குவது குறைவு. எடை குறைந்த காருக்கு எக்ஸ்எல் டயர் வாங்குவதால் விறைப்பு மட்டுமே மிச்சம். அதே அளவில் சாதாரண வகை கிடைக்குமா என்று இரண்டு கடை கூடுதலாக ஏறி இறங்குவது வீணல்ல.

காற்று இறங்கினாலும் ஓடக்கூடிய ரன்ஃப்ளாட் டயர்கள் பக்கச்சுவரிலேயே தடித்த ரப்பரை வைத்திருப்பவை. மினி போன்ற சிறிய கார்களில் இவை வந்திருந்தால், தேய்ந்த பிறகு சாதாரண டயருக்கு மாறிக்கொண்டு, பஞ்சர் கிட்டும் சிறிய கம்ப்ரஸரும் வைத்துக்கொள்ளலாம். வடசென்னையில் பஞ்சர் கடை இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆறாம் படி: எந்த வகை டயர்

திருவொற்றியூரில் 1946-இல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப் நிறுவனம் பின்னாளில் டயர் நிறுவனமானது. வடக்கே சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. அதனாலோ என்னவோ, டயர் என்றவுடன் "நல்ல கிரிப் இருக்கா?" என்பதுதான் எங்கள் ஊரில் முதல் கேள்வி. எடை குறைந்த காருக்கு இந்தக் கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போக வேண்டும். பந்தயத்துக்கு நெருக்கமான மென்ரப்பர் டயர்கள் சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். ஒரு டன்னுக்குக் குறைந்த கார் நகர ஓட்டத்தில் அவற்றைச் சூடேற்றாது. அவற்றின் உட்கட்டும் விறைப்பானது. டொயோட்டா 2012-இல் ஜிடி86 என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டபோது, ப்ரியஸ் காருக்கும் கொடுக்கப்பட்ட மிஷலின் பிரைமசி டயரை 215/45 ஆர் 17 அளவில் அதற்குப் போட்டது. சிக்கனக் காரின் டயரா என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் கார் எப்போது வழுக்கப்போகிறது என்பதை மெதுவாக, முன்கூட்டியே சொல்லும் டயர் அது என்பதை ஓட்டியவர்கள் உணர்ந்தார்கள். ஆகவே டூரிங் அல்லது கம்ஃபர்ட் என்று சொல்லப்படும் வகையில் ஈரச் சாலைப் பிடிப்பு நன்றாக உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஈரத்தை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வடகிழக்குப் பருவமழையில் எங்கள் சாலைகளில் நீர் வடிவதற்கு நேரமாகும். நீர்ப்படலத்தின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்தைக் கணக்கிட, 1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களுக்காக ஒரு சூத்திரம் வகுத்தார்கள்: காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து அந்த வேகம் கூடும். அதன்படி 36 பிஎஸ்ஐ-இல் மணிக்கு 100 கிலோமீட்டர், 26 பிஎஸ்ஐ-இல் 85 கிலோமீட்டர். கார் டயரின் முகத்தில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் ஆழமும் டயரின் அகலமும் சேர்ந்து விளையாடும் என்றாலும், திசை தெளிவு. சொகுசுக்காகக் காற்றைக் குறைத்து, அழகுக்காக அகலத்தைக் கூட்டினால், எடை குறைந்த கார் மிக எளிதில் மிதக்கும். குறுகிய டயரில் குறைந்த காற்று என்பது சமாளிக்கக்கூடியது. அகலமான டயரில் குறைந்த காற்று அப்படியல்ல. பள்ளம் 1.6 மில்லிமீட்டர் என்பது சட்டத்தின் எல்லை; மழைக்காலத்தில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது என் பழக்கம்.

ஏழாம் படி: வாங்குவதும் மாட்டுவதும்

பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 1824 என்றால் 2024-ஆம் ஆண்டின் பதினெட்டாவது வாரம். 14, 15 அங்குல ஸ்போர்ட்ஸ் அளவுகள் கடைகளில் மெதுவாகத்தான் விற்கும் என்பதால் பழைய இருப்பைத் தலையில் கட்டிவிடுவது நடக்கும். இவ்வகைக் கார்கள் குறைவாக ஓடுவதால், டயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் இறுகிவிடும். இறுகிய ரப்பர் பார்வைக்குப் புதிது போல் இருந்தாலும் மரச்சக்கரம் போல ஓடும். ஆறு ஆண்டுகள் கடந்ததை, பள்ளம் எவ்வளவு இருந்தாலும், நான் நம்புவதில்லை.

கடலை ஒட்டிய காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் உப்புக்காற்று ரிம்மின் உள்விளிம்பை, டயரின் பீடு (ரிம்மில் இறுக்கமாக உட்காரும் டயர் விளிம்பு) பதியும் இடத்தை, அரிக்கும். பழைய டயரைக் கழற்றியவுடன் அந்த விளிம்பில் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே புதியதை மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று பிஎஸ்ஐ கசிந்து, நாம் கணக்கிட்டு வைத்த அழுத்தமெல்லாம் வீணாகும். வால்வையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

எடை குறைந்த கார் நடுக்கத்தை மறைக்காது. மணிக்கு 80 கிலோமீட்டரை ஒட்டி ஸ்டீயரிங் நடுங்கினால் மறுபடி பேலன்சிங் செய்யச் சொல்லத் தயங்க வேண்டாம்.

எட்டாம் படி: காற்றழுத்தத்தைச் சரிசெய்தல்

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இன் கதவோரத் தகட்டில் எழுதியிருப்பது 26 பிஎஸ்ஐ. இன்றைய எம்எக்ஸ்-5-க்கு 29. புது டயர் மாட்டிய அன்று நாங்கள் 26 வைக்கச் சொன்னபோது, கடையில் இருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணே, முப்பத்தஞ்சு வெச்சாத்தான் டயர் நிக்கும். இருபத்தாறுல ரிம்மு தரையில ஒக்காந்துரும்" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. அவர் நாளெல்லாம் பார்க்கும் இன்னோவாக்களுக்கும் லோடு வண்டிகளுக்கும் அது உண்மை. தகட்டைக் காட்டிய பிறகும் அரைமனதோடுதான் வைத்தார். டயரின் விறைப்பு பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றைப் பொறுத்தது என்பதால், 26-க்குப் பதில் 35 வைத்தால் டயரின் ஸ்பிரிங் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விறைத்துவிடும். நாற்பதாயிரம் ரூபாய்க்கு டயர் வாங்கி, அதை அரை நிமிடக் காற்றில் கெடுத்துக்கொள்வது இங்கே அன்றாடம் நடக்கிறது.

சொந்தமாக ஒரு பிரஷர் கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். காலையில், கார் ஓடுவதற்கு முன், வெயில் படாத பக்கத்தில் அளக்க வேண்டும். ஐந்தாறு டிகிரி வெப்பம் கூடினால் ஒரு பிஎஸ்ஐ ஏறும். மே மாத மதியத்தில் ஓடிவந்த டயரை அளந்து காற்றை இறக்குவது தவறு. தயாரிப்பாளர் கொடுத்த டயர் அளவையே போட்டிருந்தால் தகட்டில் உள்ள எண்ணிலிருந்து தொடங்குங்கள். அளவு மாறியிருந்தால் அதைவிட இரண்டு கூட வைத்துத் தொடங்கி, ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள். தகட்டின் எண்ணுக்குக் கீழே போக வேண்டாம். நைட்ரஜன் அடைத்தால் மென்மையாகும் என்பது வெறும் பேச்சு. அழுத்தம் ஒன்றாக இருந்தால் ஓட்டமும் ஒன்றுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் ஒரே பாதையில் ஓட்டுங்கள். எங்கள் பாதை மூன்று துண்டுகள் கொண்டது. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மூடிகளும் ஒட்டுப்போட்ட தாரும் உள்ள பகுதியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் சிறு கூர்மையான இடிகளைக் கவனிப்போம். எண்ணூர் விரைவுச்சாலையில் 50-இல் ஸ்டீயரிங்கைத் தளர்த்திப் பிடித்து லாரித் தடம் எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்போம். பிறகு மீஞ்சூர்ப் பக்கத்தில் வெளிவட்டச் சாலையில் ஏறி 80-இல் மெதுவாக இடமும் வலமும் அசைத்து, கார் தாமதமாகப் பதில் சொல்கிறதா என்று பார்ப்போம். முதலிரண்டில் மென்மை கூடும்வரை காற்றை இறக்கலாம். மூன்றாவதில் ஸ்டீயரிங் குழையத் தொடங்கிய இடத்தில் நிறுத்தி, ஒரு பிஎஸ்ஐ திரும்ப ஏற்ற வேண்டும். நண்பரின் காருக்கு முன்னும் பின்னும் 27 என்று அமைந்தது.

மழைக்காலம் தொடங்கும்போது அதை 29 ஆக்குகிறோம். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு டயரின் முகத்தைப் பார்த்து, இரண்டு ஓரமும் நடுவைவிட முந்தித் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடு தேய்ந்திருந்தால் அதிகம் என்று திருத்திக்கொள்ள வேண்டும். இந்த எண்களை ஒரு சிறு சீட்டில் எழுதி, கதவைத் திறந்தவுடன் கண்ணில் படும்படி தகட்டுக்கு அருகிலேயே ஒட்டிவிட்டோம். கேஜ் கையில் இல்லாத நாளில் பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கும் பையன் "எவ்ளோ சார்?" என்று கேட்கும்போது, நண்பர் வாயைத் திறக்காமல் அந்தச் சீட்டைக் காட்டுகிறார்.